கேரோ மலைக்கு ஒரு நன்றியுரை

விக்னராஜாவிடம் யாராவது நேரம் கேட்டால்கூட அவர் கேரோ மலையின் சரித்திரத்தில் இருந்துதான் பதிலைத் தொடங்குவார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணில் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. ஒரு வீட்டில் தோசை சுட்டால் மற்ற எல்லாரையும் கூப்பிட்டுவிடலாம். அப்படிக் கூடும் நாட்களில் விக்னராஜா மலையில் இருந்து இறங்கி வந்திருக்கிறார் என்று தெரிந்தால், ஆண்கள் ஒவ்வொருவராகக் குசினிப் பக்கம் நழுவிவிடுவார்கள். வெங்காயம் உரிப்பது அதைவிட லேசு.

கேரோ மலை ஒரு ஷையர். ஷையர் என்றால் நம்மூர்க் கிராமசபை மாதிரித்தான்: ஒரு தலைவர், நாலைந்து அங்கத்தவர்கள், ஒரு மண்டபம், ஒரு எஞ்சினியர். அந்த எஞ்சினியர்தான் விக்னராஜா. பரப்பளவில் அது யாழ்ப்பாணக் குடாநாட்டை அப்படியே விழுங்கி ஏப்பம் விடும். ஆனால் அங்கே இருக்கிற அத்தனை பேரையும் கூட்டி வந்தாலும் கொக்குவிலில் நடக்கும் ஒரு நடுத்தரக் கலியாணத்தின் முதற்பந்தியையும் இரண்டாம் பந்தியையும் நிரப்பலாம், மூன்றாம் பந்திக்கு ஆள் காணாது.

சரித்திரத்தை அவர் சொல்லும் விதமே தனி. நூறு வருடங்களுக்கு முன்னால் ஆற்றுக்குள் தங்கம் கிடந்ததாம். பத்தாயிரம் பேர் ஓடி வந்தார்களாம். வந்தவர்களுக்குக் குடிக்கத் தவறணைகள் முப்பது, கும்பிடத் தேவாலயம் ஒன்று. தங்கம் தீர்ந்ததும் ஆட்களும் தீர்ந்தார்கள், தவறணைகளும் தீர்ந்தன, தேவாலயம் மட்டும் வேறு போக்கிடம் இல்லாமல் நின்றது. பிறகு செம்மறி வந்தது, பிறகு மர ஆலை வந்தது, பிறகு காட்டுத்தீ வந்து மர ஆலையைக் கொண்டுபோனது. பூமிசாஸ்திரம் இன்னும் சுருக்கம். மலை ஒன்று, ஆறு இரண்டு. ஒரு ஆறு மாரியில் பாலங்களை அடித்துக்கொண்டு போகும், மற்ற ஆறு கோடையில் தானே காணாமற்போகும். குடிசனத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் விக்னராஜா கொஞ்சம் இழுப்பார். ஐநூறு இருக்கும் என்பார். அந்த 'இருக்கும்' என்ற சொல்லில்தான் அவருடைய வயிற்றுப்பாடு தொங்கிக்கொண்டிருந்தது.

இலங்கையில் அவர் பதினொரு வருடம் அரசாங்க எஞ்சினியராக இருந்தவர். ஒரு மந்திரிக்குக் கோபம் வந்தால் அம்பாறை, இன்னொரு மந்திரிக்குக் கோபம் வந்தால் மொனராகலை. கட்டத் தொடங்கிய பாலத்தில் ஏறி நடந்து பார்க்க ஒரு முறைகூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கேரோ மலைக்கு வந்து கட்டிய முதற்பாலத்தில் அவர் குழந்தைப்பிள்ளை போல் மூன்று தரம் அங்குமிங்கும் நடந்தார். ஊரார் அதற்கு 'விக்கியின் பாலம்' என்று பெயர் வைத்தார்கள். அன்றே மனுசன் மலைக்கு அடிமையாகிவிட்டார். யார் வீட்டு வாசலில் மதகு உடைந்தாலும் ஓடிப்போய் நிற்பார். போன இடத்தில் தேத்தண்ணீர் குடிப்பார். குடித்த இடத்தில் அவர்கள் பரம்பரையையே கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார்.

வீட்டுக்கு வந்து அதையெல்லாம் மனைவி கமலினிக்குச் சொல்வார். கமலினிக்கு அதில் பாதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவள் அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தாள். தபாற்கந்தோருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு பலகை, பலகை நிறையத் துளைகள். யாராவது போனை எடுத்தால் அவளுடைய காதில்தான் முதலில் விழும். எந்தத் துளையில் எந்த வயரைச் செருகுவது என்பது அவள் கை. ஊரில் யாருக்குப் பேதி, யாருக்குப் பேத்தி என்பதெல்லாம் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அல்லது விக்னராஜா அப்படி நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு இடிகள் ஒரே வாரத்தில் விழுந்தன.

முதல் இடி அரசாங்கத்திடம் இருந்து வந்தது. ஐநூறு பேருக்குக் குறைந்த ஷையர்களைக் கலைத்து, பக்கத்து ஷையரோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். அதைத் தீர்மானிக்க ஒரு கமிஷனர் நேரில் வந்து விசாரணை வைப்பாராம். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஷையரில் ஏற்கெனவே ஒரு எஞ்சினியர் இருந்தார். சேர்த்துவிட்டால் விக்னராஜாவுக்கு மெல்பேர்ணில் ஏதாவது ஒரு கந்தோரில், லிஃப்டுக்குப் பக்கத்து மேசையில், கழிவுக் குழாய்க்குப் படம் கீறும் வேலைதான். 

இரண்டாவது இடி குசினியில் விழுந்தது. கமலினியின் அக்கா யோகா மெல்பேர்ணில் இருந்தாள். பெரிய எக்ஸ்சேஞ்சில் தங்கைக்கு ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டாள். கமலினி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டே, சத்தம் கூட்டாமல், அதைக் கணவனுக்குச் சொன்னாள். கமிஷனர் வரும் சனிக்கிழமை அக்காவும் அத்தானும் காரில் வருவார்களாம். கூட்டம் முடிந்ததும் அவர்களோடு போய்விடுவாளாம். ஷையர் இருந்தாலும் போவாள், போனாலும் போவாள்.

குளிர்தான் காரணமோ என்று விக்னராஜா கேட்டார், ஹீட்டர் வாங்கலாம் என்றார். அரிசிமா கிடைக்காததோ என்று கேட்டார், பார்சலில் எடுப்பிக்கலாம் என்றார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"இந்த ஊரில எல்லாரும் என்னூடாகக் கதைக்கினம், என்னோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நீங்களும்தான்."

 தான் அவளோடு கதைக்காத நாளே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கதைத்ததெல்லாம் மதகும் பாலமும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிறுத்த வழி தெரியாமல், நீர் விரும்பின மாதிரிச் செய்யும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, இரவு முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஷையர் தலைவர் பேர்ட் மெக்கின்லி ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். ஆறடி உயரம், நாளுக்கு ஆறு சொல். விசாரணையில் ஷையருக்காகப் பேச யாராவது வேண்டும், சரித்திரமும் பூமிசாஸ்திரமும் குடிசனமும் இருபது நிமிடத்துக்குள் சொல்லவேண்டும் என்று அவர் சபையில் சொன்னபோது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. விக்னராஜா எழுந்தார். பேசுவது மட்டும் இல்லை, கூட்ட ஒழுங்கு முழுவதையுமே என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார். பேர்ட் விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்து மனிதரிடம் ஒரு கூட்டத்தின் ஒழுங்கை முழுவதாக விடுவதன் பொருள் பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

விசாரணை என்பது ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு குடம் தண்ணீர் என்றுதான் கேரோ மலைக்காரர்கள் நினைத்தார்கள். விக்னராஜாவுக்கு ஒரு பெரிய மனுசர் ஊருக்கு வருகிறார் என்றால் அது விழா. விழா என்றால் மங்கல விளக்கு வேண்டும், மாலை வேண்டும், பொன்னாடை வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், சிறப்புரை, நன்றியுரை என்று வரிசை வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கமிஷனர் மனம் நொந்து போவார் என்று அவர் மனதார நம்பினார். குத்துவிளக்கு வீட்டில் இருந்தது. பொன்னாடைக்குத் தன் கலியாணச் சால்வையை எடுத்தார். மாலைக்குப் பூ எங்கே போவது என்று யோசித்தபோது, ஆகஸ்ட் மாதம், மலைச்சரிவெல்லாம் வாட்டில் மரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. போகிற கமலினிதான் உட்கார்ந்து அதைக் கட்டிக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் ஊரோடு இருந்தது, பூவோடு இல்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. யோகாவும் அவள் கணவர் சிறிதரனும் அதிகாலையிலேயே புறப்பட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கமிஷனரின் பெயர் பெம்பர்ட்டன். மெலிந்த மனிதர், மூக்கடைப்பு, மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி வந்திறங்கியவர். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கவலை. கூடவே சுருக்கெழுத்துக்காரி ஒருத்தி வந்திருந்தாள்.

வாசலிலேயே மாலை விழுந்தது. வாட்டில் பூவின் மகரந்தம் அடைத்த மூக்குக்குள் போய் அதை அடியோடு திறந்துவிட்டது. கமிஷனர் தும்மினார், தும்மினார், தும்மிக்கொண்டே மேடையேறினார். விளக்கேற்றும்போது ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர் இரண்டு கையிலும் வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். மண்டபத்துக்குள் நெருப்பு என்பது சட்டவிரோதம், ஆனால் விக்கி கேட்டதால் அவர் நெருப்பையும் அனுமதித்து வாளியையும் கொண்டுவந்திருந்தார். சிறிதரன் பொன்னாடை போர்த்தினார். கமிஷனர் அதை இந்த ஊர்க் குளிருக்குத் தருகிற போர்வை என்று எடுத்துக்கொண்டு இறுக்கிச் சுற்றிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் அதை விடவில்லை.

பேர்ட்டின் வரவேற்புரை, வந்ததற்குச் சந்தோஷம், உட்காருங்கள் என்பதோடு முடிந்தது. வாழ்த்துரை சொல்ல வந்த பேக்கரிக்காரர், எதை வாழ்த்துவது என்று தெரியாமல் கமிஷனரின் பிறந்தநாளை வாழ்த்தினார். சபை பிறந்தநாள் பாட்டுப் பாடியது. கமிஷனருக்குப் பிறந்தநாள் டிசம்பரில். ஆனாலும் எழுந்து நின்று தலைகுனிந்தார், நல்ல வளர்ப்பு.

பிறகு சிறப்புரை. விக்னராஜா தங்கத்தில் தொடங்கினார். அவர் முதலாவது தவறணையைத் திறந்து இரண்டாவதற்குப் போவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. ஆறுகள் இரண்டையும் அவசர அவசரமாக ஓடவிட்டு, மலையில் ஏறும்போது கமிஷனர் கையை உயர்த்தினார்.

எல்லாம் மிக அழகு, நான் ரசித்தேன், ஆனால் சட்டம் மலையையும் ஆற்றையும் கேட்கவில்லை, தலையை மட்டும்தான் கேட்கிறது என்றார் அவர். அவரிடம் இருந்த அரசாங்கக் கணக்கில் கேரோ மலையின் குடிசனம் ஐநூறுக்குக் குறைவு. கணக்கெடுத்த நாளில் பாலம் வெள்ளத்தில் போனதால் மேல் ஆற்றங்கரைக்கு யாராலும் போகமுடியவில்லை என்று பேர்ட் முணுமுணுத்தார். அப்படியானால் பெயரும் இருப்பிடமும் சொல்லி நிரூபிக்க யாராவது இருக்கிறீர்களா, இல்லாவிட்டால் விசாரணையை முடிக்கிறேன் என்றார் கமிஷனர்.  ஒரு ஊரை மனப்பாடமாக யார் ஒப்புவிப்பது?

 எல்லாம் போயிற்று, பாலம் போயிற்று, மலை போயிற்று, பெண்டாட்டியும் போகிறாள் என்று நினைத்தபடி விக்னராஜா கையில் இருந்த நிகழ்ச்சி வரிசையைப் பார்த்தார். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது.

"ஐயா," என்றார் ஆங்கிலத்தில், "நன்றியுரை இன்னும் ஆகவில்லை."

நன்றி சொல்ல வேண்டாம் என்று எந்த மரியாதைக்காரனால் சொல்லமுடியும்? கமிஷனர் மறுபடி உட்கார்ந்தார்.

இனி இந்த நன்றியுரையைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக் கூட்டங்களில் வரவேற்புரையை யாரும் செய்யலாம். நன்றியுரைக்கு நெஞ்சுரம் வேண்டும். தண்ணீர் அள்ளியவன், பந்தல் கட்டியவன், பந்தலுக்குக் கயிறு கொடுத்தவன், கயிறு கொடுக்கச் சம்மதித்த அவன் மனைவி என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்ல வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முகம் பார்க்காது. விக்னராஜா பள்ளிக்கூட நாளில் இருந்தே நன்றியுரைக்காரர். அவருக்கு இதுதான் மூச்சு.

ஸ்கோன் என்கிற பணிஸ் சுட்டுக் கொண்டுவந்த மிஸிஸ் டொய்லில் தொடங்கினார். அந்த ஸ்கோனுக்குப் பால் கொடுத்த மாட்டின் சொந்தக்காரர், அவர் மனைவி, கதிரை அடுக்கிய அவர்கள் மக்கள், கதிரை அடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த மருமகன். பெயர் சொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சபை கைதட்டியது. மண்டபத்தில் இருந்தவர்கள் தீர்ந்ததும் வராதவர்களுக்குப் போனார். கால்வீக்கத்தால் வரமுடியாத பேர்சிக்கு, வராததற்கு நன்றி. வந்திருந்தால் நாயையும் கூட்டி வந்திருப்பார். உச்சிமலைத் தனிவீட்டு இரண்டு சகோதரர்களுக்கு, முப்பது வருடமாக ஒருவரோடொருவர் பேசாமலும் ஒரே அடுப்பில் சமைப்பதற்கு நன்றி. பாலம் இல்லாததால் யாருமே எண்ணாத மேல் ஆற்றங்கரையில் புதிதாகக் குடியேறிய நீளத் தலைமயிர்ப் பிள்ளைகளுக்கு, ஆடை உடுத்திக்கொண்டு இன்று வந்திருப்பதற்கு நன்றி. அவர்கள் பின்வரிசையில் எழுந்து இரு கையையும் ஆட்டினார்கள்.

சுருக்கெழுத்துக்காரி முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு பழக்கதோசத்தில் பென்சிலை எடுத்தாள். பெயர், இருப்பிடம், ஒரு கோடு. ஊர்ப் பொலிஸ்காரர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு பெயருக்கும் சரிதான் என்று தலையாட்டினார். அதைக் கண்ட கமிஷனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேர்ட்டும் கண்டார். மெல்ல மண்டபம் முழுவதற்கும் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நன்றிக்கும் எழுந்த கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. இருட்டுவதைக் கமிஷனர் மறந்தேபோனார்.

ஓரிடத்தில் விக்னராஜா தடுமாறினார். டொய்லின் மகள் லிண்டாவையும் புருசனையும் சொல்லிவிட்டு மேலே போகப் பார்த்தபோது, சுவரோடு நின்ற கமலினி தமிழில் குரல் கொடுத்தாள்.

"லிண்டாவுக்கு விடியப்புறம் பிள்ளை பிறந்திட்டுது. ரெட்டை."

காலையில் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அழைப்பை இணைக்கப் பார்த்தவள் அவள்தான். டொய்ல் வீட்டில் எல்லாரும் ஸ்கோன் சுடுவதில் இருந்ததால் மணி அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. விக்னராஜா அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்: டொய்ல் வீட்டு இரண்டு புதுப் பிள்ளைகளுக்கும், இன்று காலை வந்து சேர்ந்ததற்கு நன்றி. மிஸிஸ் டொய்லின் கையில் இருந்த தட்டு விழுந்தது. கிழவர் டொய்ல் தொப்பியை மேலே எறிந்தார், அது விசிறியில் போய் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த யோகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யோகா பதறிப்போய்த் திரும்பிப் பார்க்க, சிறிதரன் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கமலினி சுவரை விட்டு மேடைக்குக் கிட்ட வந்துவிட்டாள். அவருக்கு முகங்கள் தெரியும், அவளுக்குக் குரல்கள் தெரியும். அவர் விட்டதை அவள் எடுத்தாள். பழைய மர ஆலை வீட்டுக்கு ஒரு மாமியார் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது அவருக்குத் தெரியாது. தேவாலயத்துப் பாதிரியாரின் தம்பி போன மாதம் சிறையில் இருந்து வந்து பின்னறையில் இருப்பது பொலிஸ்காரருக்கே தெரியாது. கணவனும் மனைவியுமாக ஊரை ஒரு பந்தியில் உட்கார்த்துவதுபோல் உட்கார்த்திக்கொண்டே போனார்கள். மூன்று வருடக் குடித்தனத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை என்பதை விக்னராஜா அந்த ஆரவாரத்துக்குள்ளும் உணர்ந்தார், சந்தோசத்தில் அவருக்குத் தலை கிறுகிறுத்தது.

கடைசியில் பெயர்கள் தீர்ந்தன.  சுருக்கெழுத்துக்காரி கோடுகளைக் கூட்டினாள், மறுபடி கூட்டினாள். கமிஷனரிடம் ஏதோ சொன்னாள். கமிஷனர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவருடைய முகம் சாம்பிப்போயிருந்தது.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றார்.

நீங்கள் உங்களைச் சேர்த்துக்கொண்டீர்களா என்று அவரே விக்னராஜாவிடம் கேட்டார். தொடக்கத்தில் பெயர் சொன்னபோதே இவரை எழுதிவிட்டேன் என்றாள் சுருக்கெழுத்துக்காரி. வேறு யாராவது, ஒரே ஒருவர், நன்றாக யோசியுங்கள் என்றார் கமிஷனர். ஒரு அரசாங்க உத்தியோகத்தர் அப்படிக் கெஞ்சி விக்னராஜா கண்டதில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது? விடுபட்டது யார் என்று அவருக்குக் கணத்தில் தெரிந்துவிட்டது. நன்றியுரையில் சொந்த மனைவியின் பெயரைச் சொல்லும் வழக்கம் அவருடைய ஊரில் இல்லை. நன்றி என்பது அந்நியருக்கு, மேடைக்கு. வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாரோ கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஊர் முழுவதையும் சொன்னவர் பழக்கத்தின்படி அவளை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

இப்போது சொல்லலாம். ஒரு பெயர், ஒரு கோடு, ஷையர் நிலைக்கும். ஆனால் அவள் போகிறாள். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அக்காவின் காரில் ஏறிப் போய்விடுவாள். போகிறவளைப் பிடித்து எண்ணிக்கைக்கு வைத்தால் அது பொய். அதைவிட, அவளை ஒரு எண்ணுக்காக நிறுத்துவது அவருக்கு மனம் வரவில்லை. ஊரார் செய்தது போதாதென்று தானும் அவளூடாகக் காரியம் பார்ப்பதா? அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார்.

"இல்லை ஐயா," என்றார். "நான் அறிய, இங்கே குடியிருக்கப் போகிறவர்கள் இவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கதிரையில் விழுந்தார். ஆறடி பேர்ட் எழுந்தார். எக்ஸ்சேஞ்ச் பெண் இருக்கிறாளே என்றார். விக்னராஜா தலையை ஆட்டினார். அவள் மெல்பேர்ணுக்குப் போகிறாள், அது அவளுடைய முடிவு என்றார்.

பேர்ட் கமிஷனரை விட்டுவிட்டுக் கமலினியின் பக்கம் திரும்பினார். நாளுக்கு ஆறு சொல் பேசுகிற மனிதர், ஒரு வருடத்துக்கான சொற்களை அன்று செலவழித்தார். என் மனைவி குதிரையில் இருந்து விழுந்த இரவு நீ மூன்று ஊர் டொக்டர்களை எழுப்பினாய், ஒருவரும் வரவில்லை, நான்காவது ஆளை எழுப்பினாய், அவர் வந்தார், அவள் பிழைத்தாள், நான் உன்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்றார். அவருக்குப் பின்னால் ஒரு கைம்பெண் எழுந்தாள். தினமும் காலையில் நேரம் கேட்டுப் போன் எடுப்பேனே, என் வீட்டில் மூன்று மணிக்கூடு இருக்கிறது, உன் குரல் கேட்கத்தான் எடுக்கிறேன் என்றாள். போன கோடைக் காட்டுத்தீயில் அவள் பலகையை விட்டு எழும்பாமல் இருந்ததைத் தீயணைப்புத் தலைவர் வாளியோடு நின்றே சொன்னார். நீளத் தலைமயிர்ப் பிள்ளைகளில் ஒருத்தி, வீட்டைவிட்டு ஓடிவந்த பிறகு அம்மாவுக்கு முதல் தடவை போன் எடுத்தபோது பாதியில் அழுதுவிட்டேன், அழுது முடியும்வரை நீ காத்திருந்து மறுபடி இணைத்தாய் என்றாள். ஒருவர் உட்கார இன்னொருவர் எழுந்தார். யாருக்கும் ஐநூறு நினைவில்லை. ஒவ்வொருவரும் அவளுடைய பெயரைச் சொல்லி, நேராக அவளைப் பார்த்து, அவளோடு கதைத்தார்கள்.

கமலினி கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தாள். எடுத்தது போதவில்லை. யோகா தன்னுடையதையும் கொடுத்தாள், கொடுத்துவிட்டுத் தானும் அழுதாள்.

ஒருவழியாக மண்டபம் அடங்கியது. கமலினி மேடைக்கு ஏறினாள். எல்லாரும் பார்த்திருக்க, கணவனின் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "எல்லாருக்கும் சொன்னீங்கள். நாய்க்கும் சொன்னீங்கள். எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, பிறகு எழுதட்டும்."

 விக்னராஜா எழுந்தார்.  மூன்று மணித்தியாலம் பேசிய வாயில் மேடைத் தமிழ் ஒன்றும் வரவில்லை.

"கமலினி," என்றார், "உமக்கு ஊர்க்கதை சொன்னனானே ஒழிய உம்மட கதையை நான் ஒருநாளும் கேக்கேல்லை. இவ்வளவு நாளும் இருந்ததுக்கு நன்றி. இனியும் இருக்கிறதெண்டால்…"

 கண் கலங்கி, சால்வையைத் தேடினார். அது கமிஷனரின் தோளில் இருந்தது.

"ஓம்," என்றாள் கமலினி.

சுருக்கெழுத்துக்காரிக்குத் தமிழ் தெரியாது. பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்த பேர்ட்டிடம் கேட்டாள். பேர்ட்டுக்கும் தமிழ் தெரியாது.

"ஐநூறு என்கிறார்கள்," என்றார் பேர்ட்.